எக்கோ பெட்டிக்கு ஒரு காவல்காரர்

நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடலுக்கு மேலே ஏறிப் போகிற பாதையில், மத்திய மலைநாட்டு எதிரொலித் தர நிர்ணயப் பணியகம் என்றொரு அலுவலகம் இருந்தது. அப்படி ஒன்று இருப்பது ஹட்டன் அழகனுக்கு வெகுநாள் தெரியாது. தெரியாமல் இருந்ததால் அவனுக்கு ஒரு குறையும் வந்ததில்லை. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, தைப்பொங்கல் கழிந்த கையோடு, தெரிய வந்தது.

அழகன் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்த்தவன். கொழுந்து வாட்டும் விசிறிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவனுக்குப் பாட்டுப் பதிவு செய்யும் பித்துப் பிடித்தது. வேலையை விட்டான். ஹட்டன் கடைத்தெருவில் மீராசாஹிப்பின் இரும்புக் கடைக்கு மேல்மாடியை எடுத்து, சுவரெல்லாம் சாக்கும் முட்டை அட்டையும் ஒட்டி, ஒரு கணினியையும் ஒரு மைக்கையும் வைத்துக்கொண்டு ஒலிப்பதிவு அறை தொடங்கினான். தேர்த் திருவிழா அறிவித்தல், கல்யாண வாழ்த்து, முச்சக்கர வண்டியில் கட்டிக் கத்தவிடும் புடவைக்கடை விளம்பரம் என்று கொஞ்சம் கொஞ்சம் வேலை வந்தது. ஒரே சங்கடம், மேலே பாட்டு நடக்கும்போது கீழே யாராவது ஆணி வாங்கினால், தராசுத் தட்டில் ஆணி விழும் சத்தமும் பாட்டோடு சேர்ந்துவிடும். மீராசாஹிப் நல்ல மனிதர். பதிவு நடக்கும் நேரங்களில் ஆணி கேட்டு வருகிறவர்களிடம் கயிறு வாங்கிப் போகும்படி சொல்லிப் பார்ப்பார்.

தொழிற்சாலையைப் பொறுப்பாக நடத்தும் டீமேக்கருக்கு அவனை விட மனமில்லை. சித்திரை வருஷப் பிறப்பு வரைக்கும் அவன் இடத்தில் வேறு ஆளைப் போடுவதில்லை என்று சொல்லியிருந்தார். அதற்குள் அழகனின் பதிவு ஒன்று வானொலியில் வந்துவிட்டால் பேர் பரவும், நாலு பேர் படியேறுவார்கள். இல்லாவிட்டால் மறுபடியும் விசிறிதான்.

வானொலிக்கு அனுப்பத் தோதான பாட்டு வீட்டிலேயே இருந்தது. அவன் மனைவி ராசம்மா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தாள். தாய்மார் மலையில் கொழுந்து எடுக்கும்போது அவர்களுடைய கைக்குழந்தைகளையும் நடைபழகும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்கிற இடம் அது. அவற்றைச் சமாளிக்க அவளே கட்டிய பாட்டு ஒன்று உண்டு.

அட்டையாரே அட்டையாரே எங்க போறீங்க?
அம்மா காலு ருசியின்னு யாரு சொன்னாங்க?

இப்படிப் போகும். மழைக்காலத்தில் மலையேறிய யாருக்கும் அட்டைக்கடி தெரியும் என்பதால், தோட்டத்தில் எல்லாருக்கும் அந்தப் பாட்டு பிடிக்கும். அழகன் அதைப் பதிவு செய்தான். ராசம்மா கேட்டுப் பார்த்துவிட்டு ஒரு குறை சொன்னாள். "எதிர்மலையில இன்னொரு காம்பரா இருந்து, அங்க உள்ளவங்களும் கூடப் பாடுற மாதிரி இருக்கணுங்க."

அதற்கு எக்கோ வேண்டும். பழைய நாளில் அதற்கென்றே ஒரு பெட்டி இருந்தது. உள்ளே ஒலிநாடா ஒன்று வளையமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பாடியதைப் பிடித்து, சற்றுப் பிந்தி, கொஞ்சம் மங்கலாக, கொஞ்சம் நடுக்கத்தோடு திருப்பிப் பாடும். அந்த மங்கலுக்கும் நடுக்கத்துக்கும்தான் மவுசு. இப்போது பெட்டி தேவையில்லை. அது செய்வதையெல்லாம் அப்படியே செய்து காட்டும் மென்பொருள் வந்துவிட்டது. பிளகின் என்பார்கள். கணினியில் ஏற்றினால் திரையில் அந்தப் பழைய பெட்டியின் படமும் வந்து நிற்கும். தோலுறை, பித்தளைத் திருகு, சுற்றுகிற நாடா, செய்தவன் ஆசைப்பட்டு வரைந்துவிட்ட துரு, எல்லாம் இருக்கும். மீராசாஹிப்பின் மகள் கமறியா துபாயிலிருந்து விடுமுறையில் வந்தபோது, அழகன் சொல்லியனுப்பிய அந்த சீடியைத் தேடி வாங்கி வந்திருந்தாள்.

எக்கோ போட்டதும் பாட்டு எங்கேயோ போய்விட்டது. வானொலிக்காரர்களுக்கும் பிடித்தது. ஆனால் எதிரொலி சேர்ந்த பதிவென்றால் பணியகத்தின் முத்திரை வேண்டும், அதில்லாமல் ஒலிபரப்ப வழியில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். எந்தப் பணியகம் என்று அழகன் கேட்டான். சொன்னவருக்கும் சரியாகத் தெரியவில்லை. நுவரெலியாவில் இருக்கிறதாம், பழைய சட்டமாம்.

தலவாக்கலை வழியாக பஸ் பிடித்து அழகன் போய்ச் சேர்ந்தபோது, அது சின்ன அலுவலகமாக இல்லை. மாடிக் கட்டடம். முன் மண்டபத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், சிவப்பு வெல்வெட்டின் மேல் அசல் எக்கோ பெட்டி ஒன்று வீற்றிருந்தது. அதைத் தாண்டும்போது எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அந்தப் பெட்டி எழுபதுகளில் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதை இயக்க ஒருவர், அவருக்குத் தேத்தண்ணி ஊற்ற ஒருவர் என்று இரண்டு பேரோடு பணியகம் தொடங்கியது. சில வருஷத்தில் உள்ளே நாடா அறுந்துபோயிற்று. புது நாடா வாங்க ஒரு குழு அமைத்தார்கள். குழு ஒழுங்காகக் கூடுகிறதா என்று பார்க்க ஒரு பிரிவு வந்தது. பிரிவுக்குத் தட்டச்சாளர்கள் வந்தார்கள். தட்டச்சாளர்களுக்கு மேற்பார்வையாளர் வந்தார். நாடா மட்டும் வரவில்லை. பெட்டி ஓடிய காலத்தில் இரண்டு பேரால் நடந்த காரியம், அது நின்றுபோன பிறகு கட்டடம் நிறைய ஆட்களாலும் முடியாத அளவுக்குப் பெருகியிருந்தது.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் குகநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். சட்டைப் பையில் பேனாக்களும் முகத்தில் கவலையும் நிரந்தரம். அவர் அழகனை உட்காரச் சொல்லிவிட்டு, பெட்டி என்ன பாரம் என்று கேட்டார்.

"பாரம் இல்லீங்க. அது கொம்பியூட்டருக்குள்ள இருக்கு."

குகநேசன் எழுதிக்கொண்டார். எழுதியதை உரக்கவும் வாசித்தார். பெட்டியானது வேறொரு பெட்டிக்குள் வைக்கப்பட்டுள்ளது. பிறகு நிமிர்ந்து, "ஏன் ஒளிச்சு வைச்சிருக்கிறீர்?" என்றார்.

ஒளிக்கவில்லை, அது படந்தான் என்றான் அழகன். படத்துக்கு எப்படிச் சத்தம் வரும் என்று குகநேசன் கேட்டார். கேள்வி நியாயமாகவே பட்டது. யோசிக்க யோசிக்க அழகனுக்கே கொஞ்சம் பயம் வந்தது.

முடிவில் அவனைப் பணிப்பாளர் செல்வரத்தினத்திடம் கூட்டிப் போனார்கள். தலை நரைத்த, சாந்தமான மனிதர். அழகனுக்குத் தேத்தண்ணி வரவழைத்தார். யாரையும் கோபித்துப் பேசி அறியாதவர் என்று அந்தக் கட்டடத்தில் அவருக்குப் பேர்.

"தம்பி, பாட்டை ஆரும் பாடலாம். சின்னப் பிள்ளையும் பாடும். எதிரொலி அப்பிடியில்லை. மேல ஒருத்தர் சொன்னதை, சொன்ன மாதிரியே, கொஞ்சம் பிந்தித் திருப்பிச் சொல்லுறது லேசான வேலையோ? நான் இருபத்தெட்டு வருசமா அரச சேவையில அதைத்தான் செய்யிறன். அதில எவ்வளவு கவனம் வேணுமெண்டு எனக்குத்தான் தெரியும்."

பெட்டியை நேரில் பார்த்த பிறகுதான் முத்திரையைப் பற்றிப் பேசலாம் என்று முடிவாயிற்று.

அடுத்த வாரம் ஜீப் ஒன்று இரும்புக் கடை வாசலில் வந்து நின்றது. பணிப்பாளர், குகநேசன், அளவு நாடாவோடு ஒருவர், அவர் அளப்பதைப் பார்க்க ஒருவர் என்று மேல்மாடி நிறைந்தது. கீழேயிருந்து வந்த கிரீஸ் வாசனையைக் குகநேசன் மூக்கால் இழுத்துப் பார்த்து, பழைய உபகரணத்துக்குரிய மணம்தான் என்று திருப்திப்பட்டார். அழகன் பிளகினைத் திறந்தான். திரையில் பெட்டி வந்தது. நால்வரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அளவு நாடாக்காரர் திரையில் நாடாவை வைத்து ஆறங்குலம் என்றார். சரியாகத் தெரியட்டும் என்று அழகன் படத்தைப் பெரிதாக்கினான். மறுபடி அளந்தால் பதினோரங்குலம். அளப்பதைப் பார்க்க வந்தவர், தன் வேலைக்கு முதல் முறையாக அவசியம் வந்ததில் உற்சாகமாகி, பெட்டி வீங்குகிறது என்று அறிவித்தார். மலைநாட்டு ஈரக்காற்றில் மரச் சாமான்கள் ஊதுவது உண்டுதான் என்று பணிப்பாளர் சமாதானம் சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். படத்தின் ஓரத்தில் பழமை என்று பொருள்படும் ஒரு குமிழ் இருந்தது. திருப்பினால் நாடா தேய்ந்த மாதிரி ஒலி மங்கும். அழகன் திருப்பிக் காட்டினான். எக்கோ தளர்ந்து நடுங்கியது.

"இப்ப என்ன நடந்தது?" என்று குகநேசன் கேட்டார்.

"கொஞ்சம் வயசாக்கினேங்க."

அரசு அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்த ஓர் உபகரணம், பரிசோதனை நடக்கும்போதே, யாரிடமும் சொல்லாமல் வயதாகலாமா என்று குகநேசன் பணிப்பாளரைப் பார்த்துக் கேட்டார். அரச சேவையில் வயதாவதற்கென்று ஒரு முறை இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு வயது என்றார். அழகன் குமிழைப் பின்னுக்குத் திருப்பினான். பெட்டி மறுபடியும் இளமையாயிற்று. அளவு நாடாக்காரர் பெருமூச்சு விட்டார். அவருக்கு ஓய்வு பெற ஒரு வருஷந்தான் இருந்தது.

கடைசியாக அட்டைப் பாட்டைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். ராசம்மாவின் குரலும், பின்னாலேயே எதிர்மலைக் குரலும் வந்தன. குகநேசனின் கால் தன்னையறியாமல் தாளம் போட்டது. பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நல்ல தரமான எதிரொலி. அதுதான் எனக்குப் பயமாயிருக்கு," என்றார் பணிப்பாளர். "இப்பிடியான சாமானைக் காவல் இல்லாமல் விடேலாது."

அப்படி வந்து சேர்ந்தவர்தான் ஆண்டியப்பன். தலவாக்கலைக்காரர், காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். பெட்டி எந்நேரமும் காவல்காரரின் கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது உத்தரவு. அவர் திரைக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அழகன் வேறு வேலைக்காக வேறொரு பக்கத்தைத் திறந்தால் பெட்டி மறைந்துவிடும். உடனே ஆண்டியப்பன் விசில் ஊதுவார். வட்டவளையில் நடந்த ஒரு கல்யாணத்துக்குச் செய்த வாழ்த்துப் பாட்டில், மூன்றாம் சரணத்துக்கு நடுவே நீண்ட விசில் ஒன்று இருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அது மிகவும் பிடித்துப்போய், இன்னும் இரண்டு இடத்தில் போடச் சொன்னார்கள்.

கணினியைச் சும்மா விட்டால் திரையில் மீன்கள் நீந்தும். அதைப் பார்த்த அன்று ஆண்டியப்பன் தொலைபேசியில் பணியகத்தைக் கூப்பிட்டு, பெட்டி இருந்த இடத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்று சொன்னார். குகநேசன் வாளியோடு வந்தார்.

மாதத்துக்கு ஒரு டின் இயந்திர எண்ணெயும் வந்தது. எங்கே ஊற்றுவது என்று ஆண்டியப்பன் திரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எண்ணெய் போடாமல் டின்னைத் திருப்பியனுப்பினால் தன் வேலைக்கு ஆபத்து, போட்டால் கணினிக்கு ஆபத்து. ராசம்மா டின்னை வாங்கிப்போய் பிள்ளைக்காம்பராக் கதவுக் கீல்களுக்கு விட்டாள். வருஷக்கணக்காகக் கீச்சிட்ட கதவு அடங்கியது. பணியகத்தால் மலைநாட்டு மக்களுக்குக் கிடைத்த முதல் நன்மை அது.

மாசி போய்ப் பங்குனி வந்தது. முத்திரை வரவில்லை. பாட்டு எப்போது ரேடியோவில் வரும் என்று கொழுந்தை எடை போட்டு முடித்த பெண்கள் தினமும் ராசம்மாவிடம் கேட்டார்கள். டீமேக்கர் ஆளனுப்பி, வருகிறானா இல்லையா என்று விசாரித்தார். அழகன் சோர்ந்துபோய், போய்விடலாம் என்றான்.

"விசிறி எங்கயும் ஓடிறாதுங்க," என்றாள் ராசம்மா. "இல்லாத பெட்டிய வச்சிக்கிட்டு இவங்க என்னா கூத்துதான் காட்டுறாங்கன்னு பாத்துட்டே போவோம்."

அவள் சிரித்த சிரிப்பில் அவனுக்கும் சிரிப்பு வந்தது. மறுநாள் தெம்பாக வந்து, பாட்டை இன்னும் கொஞ்சம் மெருகேற்றலாம் என்று, குரலுக்கு ஒரு எக்கோ, தப்பு மேளத்துக்கு ஒன்று, பிள்ளைகளின் கோரஸுக்கு ஒன்று என்று பிளகினை மூன்று தரம் திறந்தான். திரையில் மூன்று பெட்டிகள் வரிசையாக நின்றன. ஆண்டியப்பன் எழுந்து நின்றார்.

"தம்பி, நான் கையெழுத்து வச்சு வாங்குனது ஒண்ணுதான். மத்த ரெண்டுக்கும் நான் பொறுப்பில்ல."

ஜீப் மறுபடி வந்தது. மற்ற இரண்டும் எந்தத் துறைமுகத்தால் வந்தன, சுங்கத் தீர்வை கட்டியாயிற்றா என்று குகநேசன் கேட்டார். அழகன் விளக்கிச் சொல்லிக் களைத்து, மவுஸைத் தட்டி நாலாவது பெட்டியைத் திறந்து காட்டினான். ஐந்தாவதையும் திறந்தான். பணிப்பாளர் செல்வரத்தினம் அந்த ஐந்தையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எல்லாரையும் கீழே போய்த் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். தனியானதும் ஸ்டூலை அழகனுக்கு அருகே இழுத்துப் போட்டார்.

"எத்தினை வரைக்கும் திறக்கலாம்?"

"கொம்பியூட்டர் தாங்குற வரைக்குங்க ஐயா."

"தம்பி, எங்களிட்ட வேலை கேட்டு எத்தினை பேர் நிக்கினம் தெரியுமோ? எல்லாரும் ஆரோ பெரிய ஆக்களின்ரை மருமக்கள். ஒரு பழுதான பெட்டிக்கு நான் எத்தினை பேரைத்தான் போடுறது? இப்ப பாரும், ஒரு பெட்டிக்கு ஒரு காவல், ஒரு எண்ணெய்க்காரர், ஒரு மேற்பார்வை. நீர் ஒருக்காத் தட்டினால் மூண்டு குடும்பம் பிழைக்கும்." அவர் திரையைப் பார்த்துக் கைகூப்பினார். "உம்மைக் கடவுள்தான் அனுப்பியிருக்கிறார்."

அழகன் முத்திரையைப் பற்றிக் கேட்டான். வசந்த காலத்தில், நுவரெலியாவில் கூட்டம் சேரும் நாட்களில், பணியகத்தின் விழா நடக்கும், பிரதி அமைச்சர் வருகிறார், நாற்பது பெட்டிகளை அன்று திறக்க வேண்டும், முத்திரையும் அன்றே மேடையில் என்று பணிப்பாளர் சொன்னார். விழா நாள் வருஷப் பிறப்புக்கு முந்திய வாரம்.

விழாவுக்குக் கணினியை மீராசாஹிப் தன் லொறியில் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார். ராசம்மா பிள்ளைக்காம்பராத் தாய்மாரைக் கூட்டிக்கொண்டு அதே லொறியில் வந்தாள். மண்டபம் நிறைந்திருந்தது. வானொலியிலிருந்து ரோகினி என்ற அறிவிப்பாளர் வந்து, நிகழ்ச்சியை நேரடியாக ஒலிபரப்பிக்கொண்டிருந்தாள். பணியகத்தின் விழாவில் பணியகத்தின் எதிரொலி இல்லாமல் எவரும் பேசக்கூடாது என்று உத்தரவு. அதனால் மேடை மைக்கையும் கணினியோடு இணைக்கச் சொன்னார்கள். நாற்பது பெட்டிகள் திரையில் தபால்தலை தபால்தலையாகத் திறந்து கிடந்தன. இத்தனை போட்டால் பேச்சு குழம்பும் என்று அழகன் சொல்லிப் பார்த்தான். பெட்டிகளைக் குறைப்பது ஆட்குறைப்புக்குச் சமம் என்று குகநேசன் சொல்லிவிட்டார்.

முதலில் பணிப்பாளர் பேசினார். மேடைக்கென்று வைத்திருந்த செந்தமிழில், நிறுத்தி நிறுத்திப் பேசுவது அவர் வழக்கம்.

"பெரியோர்களே, இந்தப் பணியகத்தால் எவருக்கும் ஒரு பயனும் இல்லை," என்று சொல்லி நிறுத்தினார்.

பயனும் இல்லை, பயனும் இல்லை, இல்லை, இல்லை என்று மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும் வந்தது. சிலர் கைதட்டினார்கள்.

"என்று சில தீயவர்கள் சொல்கிறார்கள்," என்று அவர் வாக்கியத்தை முடித்தார். அது யார் காதிலும் விழவில்லை. அவர் விடாமல் தொடர்ந்தார். "முப்பது ஆண்டுகளாக நாங்கள் என்ன செய்தோம்?"

என்ன செய்தோம், என்ன செய்தோம் என்று நாற்பது பெட்டிகளும் கேட்டன. அப்போது சனம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. பின்வரிசையில் கொத்மலையிலிருந்து வந்த ஒரு கூட்டம், பெட்டிகளோடு சேர்ந்து தாங்களும் கேட்டது. பணிப்பாளர் அதை ஆரவாரம் என்று எடுத்துக்கொண்டு, கண் கலங்க, பதிலைப் பிரதி அமைச்சரிடமே விட்டுவிடுவதாகச் சொல்லி அமர்ந்தார்.

கண்ணயர்ந்திருந்த பிரதி அமைச்சர் எழுந்து மைக்கைப் பிடித்தார். "நான் பேச வரவில்லை," என்று அடக்கமாகத் தொடங்கினார். பேச வரவில்லை, வரவில்லை, வரவில்லை என்று மண்டபம் ஒப்புக்கொண்டது. அவர் கொஞ்சம் திகைத்தார். பிறகு, தான் சொன்னதை இத்தனை பேர் மறுப்பில்லாமல் திருப்பிச் சொல்லி அவர் என்றைக்கும் கேட்டதில்லை என்பதால், முகம் மலர்ந்தது. பேச்சை விட்டுவிட்டுத் தன் பெயரைச் சொன்னார். அது திரும்பி வந்தது. மறுபடியும் சொன்னார். ஆறேழு தரம் சொல்லியிருப்பார். கணினி அதற்கு மேல் தாங்கவில்லை. திரை அசையாமல் நின்றது. பிரதி அமைச்சரின் பெயரில் நடு எழுத்து ஒன்று மட்டும் சைரன் மாதிரி ஊளையிட்டு, அதுவும் அணைந்தது.

அடுத்தது ராசம்மாவின் பாட்டு. அழகன் கணினியை உயிர்ப்பிக்கப் போராடினான். அது எழுந்து வர நேரமாகும். ரோகினி ஒலிபரப்பில் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல், நுவரெலியாவின் குளிரைப் பற்றி இரண்டாம் முறை பேசிக்கொண்டிருந்தாள். முத்திரையும் போயிற்று, பாட்டும் போயிற்று, நாளைக்கு விசிறி என்று அழகன் தலையில் கைவைத்தான்.

ராசம்மா அவனைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தன்னோடு வந்த பெண்களிடம் ஏதோ சொன்னாள். அவர்களில் பாதிப் பேர் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்டபத்தின் கடைசிச் சுவரோரம் போய் நின்றார்கள். ராசம்மா மேடையேறி ரோகினியின் மைக்குக்கு முன்னால் நின்று பாடினாள்.

எங்க போறீங்க என்று அவள் நிறுத்த, சுவரோரப் பெண்கள் சற்றுப் பிந்தி, கொஞ்சம் மெதுவாக, போறீங்க, போறீங்க என்றார்கள். யாரு சொன்னாங்க என்றால், சொன்னாங்க, சொன்னாங்க. பாடப் பாட அவர்களுக்கும் துணிச்சல் வந்தது. இரண்டாம் அடியில் முன்வரிசை உத்தியோகத்தர்களின் பிள்ளைகள் சேர்ந்துகொண்டன. பிரதி அமைச்சரும் தலையாட்டினார். அழகன் கணினியை மறந்துவிட்டு நின்றான். அவன் கேட்க நினைத்த எதிர்மலை அங்கே முழுசாக வந்திருந்தது.

குகநேசன் மட்டும் பதறிப்போய்ப் பின்சுவருக்கு ஓடினார். இந்த எதிரொலிக்கு ஆர் அனுமதி தந்தது என்று முதலில் நின்ற பெண்ணிடம் கேட்டார்.

"பாட்டு நடக்குதுங்க ஐயா," என்றாள் அவள். "நில்லுங்க, இல்லாட்டிச் சேந்து பாடுங்க."

அவர் நின்றார். அடுத்த வரியில் அவர் கால் தாளம் போட்டது, இந்த முறை அவர் பார்க்கவில்லை.

பாட்டு நேரடியாகப் போனதால் முத்திரைக்கு வேலையில்லை. அன்று பின்னேரமே வானொலிக்குத் தொலைபேசிகள் வந்தன. வருஷப் பிறப்பிலிருந்து காலைச் சிறுவர் நிகழ்ச்சிக்கு, பெண்களே திருப்பிப் பாடிய அந்த நேரடிப் பதிவையே தொடக்கப் பாட்டாக வைத்தார்கள். ஹட்டன் அழகனின் அறையில் உருவான பாட்டு என்று ரோகினி தினமும் சொன்னாள். இரும்புக் கடைப் படியில் ஆட்கள் வரிசையாக ஏறினார்கள். டீமேக்கர் வேறு ஆளைப் போட்டுக்கொண்டு, தன் மகளின் கல்யாண வாழ்த்துப் பாட்டுக்கு அழகனிடமே சொல்லியனுப்பினார்.

பணியகம் சும்மா இருக்கவில்லை. விழாவில் பெட்டிக்கு நேர்ந்த களைப்பை ஆராய்ந்து, அதைத் தனியார் கையில் விட்டுவைப்பது ஆபத்து, மண்டபத்துக் கூண்டில் அசல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பேண வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஜீப்பில் வந்தவர்கள் கணினியின் திரையை இருபுறமும் பிடித்துத் தூக்கினார்கள். அந்தக் காலத்துத் திரை, நல்ல கனம். நான்கு பேர் மூச்சுத் திணறிக் கீழே இறக்கினார்கள். பாரமில்லை என்று இவன் பொய் சொல்லியிருக்கிறான் என்ற பார்வையோடு குகநேசன் அழகனைக் கடந்துபோனார்.

பாட்டும் பிளகினும் எல்லாம் மேசைக்கடியில் இருக்கிற பெட்டியில்தான், நீங்கள் கொண்டுபோவது வெறும் படம் காட்டும் கண்ணாடி என்று சொல்ல அழகன் வாயெடுத்தான். ராசம்மா அவன் கையைக் கிள்ளினாள்.

"தம்பி, சொல்லாதீங்க," என்று மீராசாஹிப்பும் காதோடு சொன்னார். "கொண்டு போறவங்க சந்தோசமாக் கொண்டு போகட்டும். நம்ம கடைச் செலவுல ஒரு ஸ்கிரீன் வாங்கிக்கலாம்."

ஆண்டியப்பன் திரையோடு ஜீப்பில் ஏறிப் போனார். புது இடம் நல்ல வசதி, பெட்டி இப்போது மீன் காட்டுவதில்லை, மூன்று மரமும் ஒரு கம்பளியும் கொடுத்திருக்கிறார்கள் என்று பிறகு சொல்லியனுப்பினார். மூன்று மரம் என்பது எண்ணெய்க்காரர், மேற்பார்வையாளர், உதவி மேற்பார்வையாளர் என்ற மூவரும் சும்மா நிற்பதால் அவர் வைத்த பேர்.

பெட்டியைப் பொறுப்பேற்ற பிறகு, ஹட்டன் அறையில் எதிரொலி உண்டாக்கும் சாதனம் எதுவும் இல்லை என்று பணியகம் வானொலிக்கு அறிவித்தது. சாதனமே இல்லாத இடத்திலிருந்து வரும் பாட்டில் சட்டப்படி எதிரொலி இருக்க முடியாது. எதிரொலி இல்லாத பாட்டுக்கு முத்திரை தேவையில்லை. அதன்பின் அழகன் எத்தனை எக்கோ வேண்டுமானாலும் போட்டு அனுப்பினான். எல்லாம் தடையில்லாமல் காற்றில் போயின.

அந்த ஆடி மாதத்தில் ஒருநாள், பணிப்பாளர் செல்வரத்தினம் கூண்டுக்கு நல்ல பூட்டு ஒன்று வாங்க மீராசாஹிப்பின் கடைக்கு வந்தார். கடை வானொலியில் ராசம்மாவின் புதுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய குரல் போக, அதன் பின்னால் மலை மலையாகத் தாண்டி அதே குரல் திரும்பித் திரும்பி வந்தது. செல்வரத்தினம் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டார். படியிறங்கி வந்த அழகனைப் பார்த்ததும் தோளில் தட்டினார்.

"அருமையான பாட்டு, தம்பி," என்றார் உண்மையான அனுதாபத்தோடு. "பெட்டி மட்டும் உம்மிட்டயே இருந்திருந்தால், இதுக்கு ஒரு எதிரொலியும் போட்டிருக்கலாம்."